ஆன செலவும் ஆகப்போகும் செலவும்

ப்ராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் என்று ஈ.பி.சி. (வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம்) வேலைகளில், சென்னையிலும் வளைகுடாவிலும் காஸ்ட் கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், இதுவரை எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று மாதாமாதம் கூட்டிக் காட்டுவதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள். அது அக்கவுன்ட்ஸ் துறையின் வேலை. அவர்கள் அதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். நமக்குச் சம்பளம் கொடுப்பது இனி ஆகப்போகும் செலவைச் சொல்வதற்கு. அதையும், எதையாவது மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்போதே சொல்வதற்கு. நான் சொல்லப்போவது முழுக்க அதைப் பற்றித்தான்.

1. சைட்டுக்குப் போங்கள்

முதல் வேலை தலைமை அலுவலகத்தில் கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் ஓராண்டாவது சைட்டில் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காஸ்ட் ஷீட்டில் ‘பைப்பிங் ஃபேப்ரிகேஷன்’ என்பது ஒரே ஒரு வரி. யார்டுக்குப் போய்ப் பாருங்கள். மரக்கட்டைகள்மேல் ஸ்பூல்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின்மேலும் பெயின்ட் மார்க்கரில் லைன் நம்பர், ஹீட் நம்பர், வெல்டரின் எண், தேதி எல்லாம் இருக்கும். சற்றுத் தள்ளி இன்னொரு குவியல் கிடக்கும். அவை ரேடியோகிராஃபியில் தேறாமல் ரிப்பேருக்குத் திரும்பிய ஜாயின்ட்கள். அந்தக் குவியல் வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போனால், ஒன்றிரண்டு மாதம் கழித்து உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரி சிவப்பாகும். குவியலைக் கண்ணால் பார்த்தவர் அதை இன்றைக்கே சொல்லிவிடுவார்.

ஸ்டோர் கீப்பர், டைம் ஆபீஸ் எழுத்தர், சப்கான்ட்ராக்டரின் ஃபோர்மேன் ஆகிய மூவரோடும் நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த லாரி கேட்டுக்கு வெளியே நிற்கிறது, எந்த கேங் நேற்று பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும்.

பெண்களைச் சைட்டுக்கு அனுப்பத் தயங்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. தங்குமிடம், கழிப்பறை, வண்டி ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சைட் அனுபவம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பதவி உயர்வில் தள்ளிவைக்கப்பட்ட திறமைசாலிப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அந்தக் காரணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

2. நான்கு தொகைகளைத் தனித்தனியாக வைத்திருங்கள்

பட்ஜெட், கமிட்மென்ட், ஆன செலவு, ஃபோர்காஸ்ட். இந்த நான்கையும் கலக்காமல் வைத்திருக்கத் தெரிந்தால் வேலையில் பாதி கைக்கு வந்துவிட்டது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சைட்டில் கேபிளுக்கு பட்ஜெட் 3 கோடி ரூபாய். 2.8 கோடிக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டாயிற்று, அது கமிட்மென்ட். 27-ஆம் தேதி 1.1 கோடி பெறுமானமுள்ள டிரம்கள் வந்து இறங்கின. ஸ்டோரில் ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான குறிப்பு) போட்டுவிட்டார்கள், வெண்டர் இன்னும் இன்வாய்ஸ் அனுப்பவில்லை. கணக்குப் புத்தகத்தில் கேபிளுக்கு எதிரே பூஜ்யம் இருக்கிறது. ஆனால் ஆன செலவு 1.1 கோடி. அந்தத் தொகையை அக்ரூவலாக, அதாவது பில் வராத செலவாக, சேர்க்காமல் ரிப்போர்ட் அனுப்பினால் அந்த மாதம் நிலைமை அழகாகத் தெரியும், அடுத்த மாதம் திடுக்கென்று ஏறும்.

ஃபோர்காஸ்ட் இவை மூன்றிலிருந்தும் வேறானது. போட்ட ஆர்டர், இனி போடவேண்டிய ஆர்டர், வரவிருக்கும் வேரியேஷன் எல்லாம் சேர்ந்து கடைசியில் வந்து நிற்கும் தொகை அது. டிராயிங்கில் கேபிள் நீளம் கூடியிருந்தால் ஆர்டர் 2.8 கோடியிலேயே நின்றாலும் ஃபோர்காஸ்ட் இப்போதே 3.2 கோடி ஆகிவிடுகிறது. கமிட்மென்ட் பட்ஜெட்டைவிடக் குறைவாக இருக்கிறது என்பதற்காக இருபது லட்சம் மிச்சம் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆர்டர் முழு அளவையும் அடக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சம் என்ற சொல்லை எழுத வேண்டும்.

3. பணம் போனால் செலவு ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை

சப்கான்ட்ராக்டருக்கு மொபிலைசேஷன் அட்வான்ஸ் கொடுத்தீர்கள். பணம் போயிற்று, செலவு ஆகவில்லை. அவருடைய ஆர்.ஏ. (ரன்னிங் அக்கவுன்ட்) பில்லில் ரிடென்ஷன் பிடித்தீர்கள். பணம் கையில் நிற்கிறது, செலவு முழுதாக ஆகிவிட்டது. ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துக் காட்டுவதா சேர்க்காமலா, யூரோவில் வாங்கும் கம்ப்ரசருக்கு எந்த மாற்று விகிதம் என்பதையெல்லாம் முதல் ரிப்போர்ட்டுக்கு முன்பே ஃபைனான்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து முடிவு செய்து ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பாதி வழியில் அடிப்படையை மாற்றினால் முந்தைய மாதங்களோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

4. சதவீதத்தைக் கேட்டு எழுதாதீர்கள், எண்ணி எழுதுங்கள்

எவ்வளவு முடிந்தது என்று சூப்பர்வைசரைக் கேட்டால் எண்பது சதவீதம் என்பார். அடுத்த மாதம் எண்பத்தைந்து. அதற்கடுத்த மாதம் தொண்ணூறு. பிறகு நான்கு மாதம் தொண்ணூறிலேயே நிற்கும். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலையைச் சொல்கிறார். மிச்சம் இருக்கும் சப்போர்ட், டெஸ்ட் பேக்கேஜ், பஞ்ச் லிஸ்ட் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆள்மணியைத் தின்னும்.

ஆகவே வேலை தொடங்குமுன்பே படி பிரித்து வையுங்கள். பைப்பிங் என்றால் ஃபேப்ரிகேஷன், எரெக்‌ஷன், சப்போர்ட், ஹைட்ரோ டெஸ்ட், டெஸ்ட்டுக்குப் பின் மறுபடி பொருத்துதல் என்று பிரித்து, ஒவ்வொரு படிக்கும் இத்தனை சதவீதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். வெல்டிங்கை இன்ச் டயாவில் எண்ணுங்கள், காங்கிரீட்டைக் கனமீட்டரில், கேபிளை இழுத்த மீட்டரில். க்ளையன்ட் கையெழுத்திட்ட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இருந்தால்தான் டெஸ்ட்டுக்குரிய சதவீதம் கிடைக்கும். முதல் மாதம் முணுமுணுப்பார்கள். மூன்றாவது மாதம் யாரும் உங்களோடு சதவீதத்தைப் பற்றி வாதிட மாட்டார்கள்.

5. எர்ன்டு வேல்யூவைக் கையால் போட்டுப் பழகுங்கள்

எர்ன்டு வேல்யூ முறைக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-இல் 35 விதிகளோடு ஒரு கட்டமைப்பு கொடுத்தது. 1998-இல் அது 32 வழிகாட்டுதல்கள் கொண்ட தொழில்துறைத் தரமாயிற்று. விதிகள் எத்தனை இருந்தாலும் உள்ளே இருக்கும் கணக்கு எளிது.

ஒரு பேக்கேஜின் பட்ஜெட் 20 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஆன செலவு, அக்ரூவலையும் சேர்த்து, 8 கோடி. எண்ணிப் பார்த்த முன்னேற்றம் 32 சதவீதம். அப்படியானால் ஈட்டிய மதிப்பு, அதாவது எர்ன்டு வேல்யூ, 6.4 கோடி. 6.4-ஐ 8-ஆல் வகுத்தால் 0.8. இதுதான் சி.பி.ஐ., அதாவது காஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் இன்டெக்ஸ். ஒரு ரூபாய் செலவழித்தால் எண்பது காசு வேலை கிடைக்கிறது.

கடைசியில் எவ்வளவு ஆகும்? இதே வேகத்தில் போனால் 20-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 25 கோடி. மிச்ச வேலையாவது பட்ஜெட்டில் போட்டபடி நடக்கும் என்றால் 8-உம் 13.6-உம் சேர்ந்து 21.6 கோடி. இரண்டுக்கும் நடுவே 3.4 கோடி இடைவெளி. அந்த இடைவெளியைப் பற்றிப் பேசத்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். 21.6 என்று எழுதினால், எதனால் இனிமேல் திருந்தும் என்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். புது கிரேன் வருகிறதா, டிராயிங் தாமதம் தீர்ந்துவிட்டதா, கேங் மாறிவிட்டதா?

இன்னொரு கணக்கும் போடுங்கள். 20 கோடிக்குள்ளேயே முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். மிச்சமிருக்கும் வேலை 13.6 கோடி, மிச்சமிருக்கும் பணம் 12 கோடி. அதாவது இனி 1.13 வேகத்தில் ஓட வேண்டும். இதுவரை ஓடியது 0.8. நாற்பது சதவீதத்துக்கு மேல் உற்பத்தித்திறன் உயர வேண்டும். இதை அவர் முன்னால் அமைதியாக வைத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தங்களை ஆராய்ந்தவர்கள், வேலையில் ஐந்தில் ஒரு பங்கு முடிந்தபின் சி.பி.ஐ. பெரிதாகத் தேறுவதில்லை என்று கண்டார்கள். எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்துமா என்ற விவாதம் உண்டு. நான் பார்த்த வேலைகளில் பெரும்பாலும் பொருந்தியது.

இது தொடர்பாக ஏ-12 விமானத் திட்டத்தின் கதையைக் கட்டாயம் படியுங்கள். 1988 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படை மெக்டானல் டக்ளஸ், ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனங்களோடு உச்சவரம்பு வைத்த ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தக்காரர்கள் தந்த காஸ்ட் ரிப்போர்ட்டிலேயே செலவு ஏறுவதும் வேலை பின்தங்குவதும் தெரிந்தன. கடற்படையிலிருந்த காஸ்ட் அனலிஸ்ட் அதே எண்களிலிருந்து பெரிய மீறலைக் கணித்தும் விட்டார். ஆனால் இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற ஃபோர்காஸ்ட்தான் மேலே போயிற்று. 1990 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலர் டிக் சேனி, திட்டம் சரியாகப் போகிறது என்று காங்கிரஸில் சொன்னார். ஜூன் தொடக்கத்தில், உச்சவரம்புக்குள் முடிக்க முடியாது என்று ஒப்பந்தக்காரர்களே தெரிவித்தார்கள். 1991 ஜனவரி 7-ஆம் தேதி சேனி திட்டத்தையே ரத்து செய்தார். ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. வழக்கு 2014-இல்தான் சமரசத்தில் முடிந்தது. கணக்குத் தெரிந்தவர் அங்கே இருந்தார். சரியான எண்ணும் இருந்தது. அது போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

6. விலை ஏறிவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள்

காங்கிரீட்டுக்கு பட்ஜெட் 4,000 கனமீட்டர், கனமீட்டருக்கு 7,000 ரூபாய், ஆக 2.8 கோடி. இப்போது 4,600 கனமீட்டர், 7,500 ரூபாய், ஆக 3.45 கோடி. கூடுதல் 65 லட்சம். இதற்கு ‘சிமென்ட் விலை உயர்வு’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிய ரிப்போர்ட்டுகள் ஏராளம். பிரித்துப் பாருங்கள். அளவு கூடியதால் 42 லட்சம், விலை கூடியதால் 23 லட்சம். அளவுதான் பெரிய காரணம். அளவு ஏன் கூடியது? ஃபவுண்டேஷன் ஆழமானதா, டிசைன் மாறியதா, சைட்டில் வீணாகிறதா? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் வேறு, மருந்தும் வேறு. டிசைனை க்ளையன்ட் மாற்றியிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கலாம். வீணாகிறது என்றால் நாளைக்கே நிறுத்தலாம். விலை என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள்.

7. மாற்றம் பேச்சில் வரும்போதே பிடியுங்கள்

க்ளையன்டின் இன்ஜினியர் மீட்டிங்கில் போகிற போக்கில், அந்த பம்ப்பை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார். நம் ஆட்களும் நல்ல மனதோடு தள்ளி வைத்துவிடுவார்கள். பைப், கேபிள், ஃபவுண்டேஷன் மூன்றும் மாறும். மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்டால் யார் சொன்னது என்பார்கள்.

ஆகவே ட்ரெண்ட் ரெஜிஸ்டர் ஒன்று வைத்திருங்கள். உறுதியாகாத தகவலாக இருந்தாலும் தேதி, சொன்னவர், தோராயத் தொகை ஆகிய மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தையும் படியுங்கள், சட்டப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்புச் சிவப்புப் புத்தகத்தில், கூடுதல் பணமோ காலமோ கேட்க விரும்பும் ஒப்பந்தக்காரர், காரணம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். வளைகுடாவில் நீங்கள் போகும் சைட்டுகளில் இதைப் போன்ற விதிகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மாதம் ஒரு முறை ரிப்போர்ட் போடுகிறவருக்கு 28 நாள் என்பது எவ்வளவு குறுகியது என்று யோசித்துப் பாருங்கள்.

8. கன்டிஞ்சன்சியை யாரையும் கையாடவும் விடாதீர்கள், மறைக்கவும் விடாதீர்கள்

பட்ஜெட்டைக் கையில் வாங்கும் நாளில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இது எந்தக் கட்டத்து எஸ்டிமேட்டிலிருந்து வந்தது என்பது. ஏ.ஏ.சி.இ. இன்டர்நேஷனல் அமைப்பு ஆலைத் திட்டங்களுக்கு எஸ்டிமேட்டை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. ஐந்தாம் வகுப்பு வெறும் யோசனைக் கட்டம். அதில் உண்மைச் செலவு 30 முதல் 100 சதவீதம் வரை மேலே போகலாம். மூன்றாம் வகுப்பு பட்ஜெட் ஒப்புதலுக்கு உரியது, அதில் 10 முதல் 30 சதவீதம். யோசனைக் கட்டத்து எண்ணை எடுத்து அதுதான் பட்ஜெட் என்று மேலே அறிவித்துவிட்ட திட்டங்களில் நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் ரிப்போர்ட் சிவப்பாகத்தான் இருக்கும். அதை முதல் மாதமே எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தின் கதை நம் தொழிலில் எல்லோரும் தெரிந்திருக்கவேண்டியது. 1997-இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் சொன்ன தொகை 10 முதல் 40 மில்லியன் பவுண்டு. 2004-இல் எடின்பரோவில் கட்டடம் திறந்தது. கடைசிச் செலவு 414 மில்லியன். லார்டு ஃப்ரேசர் விசாரித்து அதே ஆண்டு செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார். அதில் ஒரு பகுதி நமக்காகவே எழுதியது போல இருக்கும். 1999-இல் செலவு ஆலோசகர்கள் கட்டுமானத்துக்கு 89 மில்லியன் பவுண்டு என்று கணித்திருந்தார்கள். அதில் 27 மில்லியன் இடர்களுக்காக வைத்த தொகை, அதாவது கன்டிஞ்சன்சி. அமைச்சர்களிடம் போன கணக்கில் அந்த 27 மில்லியன் இல்லை. அதைச் சேமித்துவிடலாம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 62 மில்லியன் என்ற எண்ணை நம்பி நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்தார்கள்.

கன்டிஞ்சன்சி யாரோ பயந்து சேர்த்த கொழுப்பு இல்லை. எங்கே என்று தெரியாது, ஆனால் எங்கோ ஆகத்தான் போகிறது என்று அனுபவம் சொல்லும் செலவு அது. ஒவ்வொரு முறை அதிலிருந்து எடுக்கும்போதும் எதற்கு, எவ்வளவு, யார் அனுமதித்தார் என்று ஒரு ரெஜிஸ்டரில் எழுதுங்கள். வேலை நாற்பது சதவீதம் முடிந்திருக்கும்போது கன்டிஞ்சன்சி எண்பது சதவீதம் தீர்ந்திருந்தால், அந்த இரண்டு எண்களையும் முதல் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள்.

9. பிளானரோடு ஒரே மேசையில் உட்காருங்கள்

பல அலுவலகங்களில் பிளானர் ஒரு மாடி, காஸ்ட் கன்ட்ரோலர் வேறு மாடி. பிளானரின் ஷெட்யூலில் வேலை டிசம்பரில் முடிகிறது, காஸ்ட் ரிப்போர்ட்டில் கிரேன் வாடகை செப்டம்பரோடு நிற்கிறது. இரண்டில் ஒன்று தவறு. மாதக் கடைசியில் இருவரும் ஒரே தேதியில் கட்ஆஃப் வைத்து, ஒரே முன்னேற்றத்தை எடுத்துக்கொண்டு, ஒன்றாகவே கையெழுத்துப் போடுங்கள்.

காலம் நீண்டால் கட்டடம் ஒரு செங்கல்கூடக் கூடாமலே செலவு ஏறும். சைட் ஆபீஸ், காவல், ஜெனரேட்டர், நிர்வாகச் சம்பளம், கடனுக்கு வட்டி எதுவும் நிற்காது. கூடங்குளத்தின் முதல் இரண்டு அணுஉலைகளுக்கு முதலில் ஒப்புதலான தொகை 13,171 கோடி ரூபாய். பிறகு 17,270 கோடி, அதற்குப் பிறகு 22,462 கோடி. 2002-இல் கட்டத் தொடங்கியது, வணிக உற்பத்தி முதல் உலையில் 2014 டிசம்பரிலும் இரண்டாம் உலையில் 2017 மார்ச்சிலும். அந்தத் தாமதத்தின் நியாய அநியாயம் வேறு விவாதம். செலவுக் கணக்குப் பார்க்கிறவர் பார்க்கவேண்டியது அந்த ஆண்டுகளைத்தான்.

மத்தியப் புள்ளியியல், திட்ட அமலாக்க அமைச்சகம் 150 கோடிக்கும் அதற்கு மேலும் போகும் மத்திய அரசுத் திட்டங்களைப் பற்றி அறிக்கை வெளியிடுகிறது. முதலில் ஒப்புதலான செலவு, எதிர்பார்க்கும் செலவு, இதுவரை ஆன செலவு என்று பத்தி பத்தியாக இருக்கும். சில மாத அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே திட்டத்தைப் பின்தொடருங்கள். இலவசமாகக் கிடைக்கும் நல்ல பயிற்சி இது.

10. முதல் பக்கத்தில் முடிவைச் சொல்லுங்கள்

நாற்பது பக்க ரிப்போர்ட்டை யாரும் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் ஆறேழு வரி போதும். கடைசிச் செலவு எவ்வளவு என்று நினைக்கிறோம், போன மாதம் என்ன சொன்னோம், ஏன் மாறியது, யார் எந்தத் தேதிக்குள் என்ன முடிவெடுக்க வேண்டும், முடிவு தள்ளிப்போனால் என்ன ஆகும். ‘கவனத்தில் கொள்ளப்படுகிறது’, ‘கண்காணிக்கப்பட்டு வருகிறது’ போன்ற வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். அவற்றில் யாருக்கும் வேலை இல்லை. கம்ப்யூட்டர் வண்ண வரைபடங்கள் பின்னால் வரட்டும்.

11. மென்பொருளும் சான்றிதழும்

ப்ரைமவேரா பி6, எஸ்.ஏ.பி., பவர் பி.ஐ. இவற்றில் எது கிடைத்தாலும் கற்றுக்கொள்ளுங்கள். எக்செலில் பிவட் டேபிள் தண்ணீர்பட்ட பாடாக வேண்டும். ஆனால் ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று பில் வரைக்கும் பின்னோக்கிப் போய்க் காட்டத் தெரியாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

சான்றிதழ் வேண்டுமானால், 1956-இல் தொடங்கிய ஏ.ஏ.சி.இ.யின் சி.சி.பி. நல்லது. சில ஆண்டு அனுபவம் சேர்ந்தபின் எழுதுங்கள். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பு உண்டு. அதற்கு முன்பே அமெரிக்கத் தணிக்கை அலுவலகமான ஜி.ஏ.ஓ. 2009-இல் வெளியிட்டு 2020-இல் புதுப்பித்த செலவு மதிப்பீட்டு வழிகாட்டியைத் தரவிறக்கிப் படியுங்கள். காசு கொடுக்க வேண்டாம், பல பயிற்சி வகுப்புகளைவிட அதில் சரக்கு அதிகம்.

12. பாதை எங்கே போகும்

இந்தத் தொழிலுக்கு ஒரே வாசல் கிடையாது. பி.இ. படித்தவர்கள் பிளானிங் வழியாகவும் குவாண்டிட்டி சர்வே வழியாகவும் வருகிறார்கள். பி.காம்., சி.எம்.ஏ. படித்தவர்கள் கணக்கு வழியாக வருகிறார்கள். இன்ஜினியர்கள் ஜர்னல் என்ட்ரி என்றால் முகம் சுளிக்காமல் கற்க வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் ஐசோமெட்ரிக் டிராயிங்கைப் படிக்கக் கற்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர் கிடைப்பது அரிது, அவருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

ஐந்தாறு ஆண்டு கழித்து எஸ்டிமேஷன் பிரிவில் ஒரு டெண்டர் காலமாவது இருந்து பாருங்கள். பட்ஜெட் எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கெங்கே ஊகம் வைத்தார்கள் என்பது அங்கே போனால்தான் புரியும். அதன்பின் ப்ராஜெக்ட் கன்ட்ரோல்ஸ் மேனேஜர், பிறகு விரும்பினால் ப்ராஜெக்ட் மேனேஜர். நிறுவனத்தை ஆண்டுக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். ஒரு ப்ராஜெக்டையாவது முதல் பட்ஜெட்டிலிருந்து க்ளோஸ்அவுட் வரை கூடவே இருந்து முடியுங்கள். உங்கள் ஃபோர்காஸ்ட் கடைசியில் எங்கே போய் நின்றது என்று பார்க்காதவருக்கு ஃபோர்காஸ்ட் பழகவே பழகாது.

13. எண்ணை மாற்றச் சொன்னால்

சொல்வார்கள். இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் காட்டலாம், போர்டு மீட்டிங் முடியட்டும் என்பார்கள். கோபப்படாமல் கேளுங்கள்: போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவே எந்த விவரம் மாறியது? ஆர்டர் விலை குறைந்ததா, அளவு குறைந்ததா, க்ளையன்ட் வேரியேஷனை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டாரா? மாறியிருந்தால் எண்ணை மாற்றுங்கள், அது கடமை. எதுவும் மாறவில்லை என்றால், மேனேஜ்மென்ட்டின் ஃபோர்காஸ்ட் இது, எங்கள் கணிப்பு இது என்று இரண்டையும் காரணத்தோடு ஒரே பக்கத்தில் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான மேனேஜர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் கணிப்பையும் அதன் அடிப்படையையும் தேதியிட்டு அவருக்கே ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள்.

கெட்ட எண்ணை முதலில் தனியாக, அவருடைய அறையில், கூடவே இரண்டு தீர்வுகளோடு சொல்லுங்கள். மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திடீரென்று போடாதீர்கள். அது தைரியம் ஆகாது, அடுத்த முறை அவர் உங்களை நம்பாமல் போவதுதான் மிஞ்சும். பச்சையாகக் காட்டச் சொல்லி வற்புறுத்துவது மாதாமாதம் தொடர்ந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். கையெழுத்து உங்களுடையது. இந்தத் தொழிலில் ஆட்கள் குறைவு, பெயர் வேகமாகப் பரவும், நல்ல பெயரும்தான்.

மேனேஜர் நாற்காலியில் இருக்கும் என் வயதுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை ஒன்று உங்கள் அறைக்கு வந்து, சார், இது நாலு கோடி மேலே போகும்போல இருக்கிறது என்று சொன்னால், குரலை உயர்த்தாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், ஷீட்டைத் திறக்கச் சொல்லுங்கள், கணக்கைக் கேளுங்கள். அன்றைக்குத் திட்டி அனுப்பினால் அந்தப் பிள்ளை மறுபடி வராது. அடுத்த நாலு கோடியை நீங்கள் பில் வரும்போதுதான் தெரிந்துகொள்வீர்கள்.